ஒரு சாண் தூரத்தில்

அஸ்தம்பட்டி, சேலம்
11.9.2024

என் தம்பி அர்த்தநாரிக்கு அக்கா சௌந்திரம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் மாமாவும் நித்யஸ்ரீயும் நல்லபடியாக இருக்கிறோம். மோகனூரில் நீ, சித்ரா, பையன் எல்லோருக்கும் உடம்பு எப்படி? உன் முதுகு வலி தேவலையா? ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவனுக்கு முதுகுதான் சொத்து. தைலம் தேய்க்கச் சோம்பல்படாதே.

நித்யாவின் நிச்சயம் குறையில்லாமல் முடிந்தது. சங்ககிரிக்காரர்களுக்கு நம் சாப்பாடு பிடித்துவிட்டதாம். மாப்பிள்ளையின் அம்மா அங்காளம்மாள் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “தாய்மாமன் சீரை மட்டும் மொறையாப் பண்ணிப்போடுங்க, எங்க ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் அதைத்தான் பார்ப்பாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். கல்யாணம் தை மாதக் கடைசியில். நீதான் நித்யாவின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். முகத்துக்கு நேராக நின்று, பொன் தகட்டை நெற்றியில் வைத்து, நூலைப் பின்னால் கொண்டுபோய் முடிய வேண்டும். ஒரு சாண் தூரத்தில் நிற்க வேண்டிய வேலை. அவசரப்படக் கூடாது.

நிச்சய வீடியோ வந்துவிட்டது. நித்யா அதைச் சித்ராவின் போனுக்கு அனுப்பியிருக்கிறாள். ரொம்ப நீளம், முழுசாகப் பார்க்க வேண்டும் என்றில்லை.

பார்சலில் உனக்கு வேட்டி சட்டையும் சித்ராவுக்குச் சேலையும் வைத்திருக்கிறேன். அடியில் நீல நிறத்தில் ஒரு பாட்டில் இருக்கும். வாய் கொப்பளிக்கிற மருந்து. நித்யா வேலை பார்க்கிற பல் ஆஸ்பத்திரிக்குக் கீழே கடையில் மலிவாகப் போட்டான் என்று வாங்கினேன். இங்கே நாங்கள் எல்லோருமே கொப்பளிக்கிறோம். காலையில் ஒரு மூடி, இரவில் ஒரு மூடி. விழுங்கிவிடாதே, துப்பிவிடு. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

உன் நலம் நினைக்கும் அக்கா,
சௌந்திரம்


மோகனூர்
2.10.2024

அன்புள்ள அக்காவுக்கு அர்த்தநாரியின் வணக்கம். மாமாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? இங்கே எங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. முதுகு பரவாயில்லை.

வேட்டி சட்டை அளவாக இருக்கின்றன. சேலை நிறம் சித்ராவுக்குப் பிடித்திருக்கிறது. பாட்டிலும் கிடைத்தது.

வீடியோ பார்த்தோம். நான் நித்யாவுக்கு மாலை போடுகிற இடத்தில் சித்ரா நிறுத்தினாள். நான் குனிகிறேன். நித்யா முகத்தைத் தோள் பக்கம் திருப்பி, கண்ணை இறுக்கிக்கொண்டு, நான் விலகுகிற வரைக்கும் அப்படியே நிற்கிறாள். சித்ரா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

உங்களைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். உங்கள் வீட்டில் போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அக்கா, எத்தனை வருஷமாக?

இப்படிக்குத் தம்பி,
அர்த்தநாரி


சேலம்
20.10.2024

தம்பிக்கு அக்காவின் ஆசிகள். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கல்யாண வேலை தலைக்கு மேல் இருக்கிறது. மாமாவுக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது. நீங்கள் எல்லோரும் சுகம்தானே?

எத்தனை வருஷமாக என்று மொட்டையாகக் கேட்டால் நான் என்னவென்று சொல்வேன்? அன்றைக்கு அந்த மாலையில் மருக்கொழுந்து அதிகம். நித்யாவுக்கு அந்த வாசம் ஒத்துக்கொள்ளாது, தும்மல் வந்துவிடும். அதற்குத்தான் திருப்பியிருப்பாள். நீ எதையாவது நினைத்து வெசனப்படாதே.

பட்டத்துக்குத் தட்டானிடம் சொல்லிவிட்டேன். சங்ககிரி மண்டபம் பெரியது, மேடை உயரம். உனக்குப் புதுச் செருப்பு வாங்கிக்கொள். மருந்தை மட்டும் விடாமல் கொப்பளி.

அக்கா,
சௌந்திரம்


மோகனூர்
27.10.2024

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். தீபாவளி நோம்பிக்குப் பலகாரம் சுட ஆரம்பித்திருப்பீர்கள். மாமாவை இனிப்புப் பக்கம் விடாதீர்கள். நாங்கள் நலம்.

மருக்கொழுந்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த மாலையை நான்தான் நாமக்கல் பூக்கடையில் பக்கத்தில் நின்று கட்டி வாங்கி வந்தேன். அதில் மருக்கொழுந்தே கிடையாது. போகட்டும். நீங்கள் என்ன செய்வீர்கள்?

கேட்டால் சிரிப்பீர்கள். மற்ற பஸ்களில் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டுக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும். என் பஸ்ஸில் அது காலியாகவே வரும். என் மீசைக்குப் பயம் என்று நினைத்து நான் அதை வெட்டிக்கூடப் பார்த்தேன். பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஆயா சென்னியம்மாள் எதையும் கடைசிப் படியில் நின்று கத்தித்தான் சொல்வார். சித்ரா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதற்கு என் குறட்டைதான் காரணம் என்று இருந்தேன். எல்லோரும் எனக்கு மரியாதை வைத்து ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். எப்பேர்ப்பட்ட மரியாதை, பாருங்கள்.

இப்போது காலையில் ஷெட்டுக்குப் போய், வண்டியை எடுப்பதற்கு முன்னால் கொப்பளிக்கிறேன். ஒரு மூடி எனக்குப் போதாது என்று இரண்டாக ஊற்றிக்கொள்கிறேன். கண்ணில் தண்ணீர் வருகிற வரை வாயிலேயே வைத்திருக்கிறேன். போன வாரம் எல்.கே.ஜி. பாப்பா ஒன்று முன் சீட்டில் வந்து உட்கார்ந்து, “டிரைவர் மாமா, சூயிங்கம் தின்னீங்களா?” என்று கேட்டது. வழி நெடுக அதோடு பேசிக்கொண்டே வந்தேன்.

பாட்டில் தீரப் போகிறது. இங்கே கடையில் கேட்க எனக்கு வாய் வரவில்லை, தெரிந்த ஆட்கள். இன்னொன்று அனுப்புங்கள். சித்ரா கண்ணில் படாமல், ஸ்கூல் விலாசத்துக்கு.

போனில் பேசும்போதுகூடக் கையால் வாயை மூடிக்கொள்கிறேன் அக்கா. எழுதுகிறபோது அது வேண்டியதில்லை.

இப்படிக்கு,
அர்த்தநாரி


சேலம்
6.11.2024

தம்பி அர்த்தநாரிக்கு. உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம்தான். அந்தப் பாப்பா தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். கணக்குப் பார்க்காமல் கொப்பளி. அங்காளம்மாள் நேற்றுப் பேசினார். பட்டம் கட்டும்போது தாய்மாமனைப் பக்கத்தில் வைத்து வீடியோ எடுக்கத் தனி ஆள் போட்டிருக்கிறார்களாம். எனக்கு இப்போது ஒரு பயமும் இல்லை. மாமாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. சித்ராவையும் பையனையும் விசாரித்ததாகச் சொல்.

அக்கா


சேலம்
2.12.2024

அர்த்தநாரிக்கு.

சுகமா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய். சித்ராவிடம் கேட்டால் “அவரையே கேளுங்க அண்ணி” என்று வைத்துவிடுகிறாள்.

சங்ககிரியில் லாரி ஆபீசில் யாரோ சொல்லி அங்காளம்மாள் காதுக்குப் போய், அவர் என்னிடம் கேட்கிறார். நித்யாவின் தாய்மாமன் குடித்துவிட்டு ஸ்கூல் பஸ் எடுக்கப் போய், வாயில் வைத்து ஊதுகிற மெஷினில் மாட்டிக்கொண்டாராமே, வேலை போய்விட்டதாமே என்று. “சின்னப் புள்ளைங்க ஏறுற வண்டிங்களே” என்று வேறு சொன்னார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

குடித்தே ஈரல் வெந்து செத்தார் நம் அப்பா. அதைப் பார்த்து, கள்ளுப் பானை இருக்கிற பக்கம்கூடப் போகாதவன் நீ. இந்த வயதில் உனக்கு என்ன கேடு வந்தது? பொய் என்றால் பொய் என்று ஒரு வரி எழுது. மெய் என்றால் அதையும் நீயே எழுது.

சௌந்திரம்


மோகனூர்
10.12.2024

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். உங்கள் கோபம் நியாயம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் குடிக்கவில்லை. உங்கள் பாட்டில்தான்.

நோம்பி லீவு முடிந்து ஸ்கூல் திறந்தபோது கேட்டில் ஒரு மெஷின் வைத்தார்கள். டிரைவர்கள் தினமும் ஊதிவிட்டுத்தான் சாவி வாங்க வேண்டும். முதல் நாள் எனக்கு விஷயம் தெரியாது. ஷெட்டில் வழக்கம்போல் வாய் நிறையக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, நேராக வரிசைக்கு வந்து ஊதினேன். சிவப்பு விளக்கு எரிந்து கத்தியது. மருந்தில் சாராயச் சத்து இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? துப்பின ஈரம்கூட வாயில் காயவில்லை.

வண்டிகளுக்கு மேனேஜர் தனபால், நல்ல மனுஷன், மெதுவாகத்தான் கேட்டார். “ஏனப்பா அர்த்தநாரி, ராத்திரி ஊத்திக்கிட்டயா?” என்றார். எனக்குப் பின்னால் டிரைவர்கள் அத்தனை பேரும் நிற்கிறார்கள். சென்னியம்மாள் நிற்கிறார். இல்லைங்க, இது வாய் மருந்துங்க என்று சொல்லிவிடலாம். எதற்கு மருந்து என்று அடுத்த கேள்வி வரும். அந்தப் பதிலை நினைத்ததும் “ஆமாங்க” என்று சொல்லிவிட்டேன்.

மனுஷன் நல்ல பேர் வாங்கப் பொய் சொல்வான். நான் கெட்ட பேர் வாங்கப் பொய் சொன்னேன். குடிகாரன் பக்கத்தில் ஆட்கள் உட்கார்ந்து புத்தி சொல்வார்கள் அக்கா. வாய் நாறுகிறவன் பக்கத்தில் ஒருத்தரும் உட்காருவதில்லை.

சித்ராவிடமும் குடித்தேன் என்றே சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து, முகத்துக்கு நேராக, அழுது அழுது திட்டினாள். அவ்வளவு பக்கத்தில் அவள் வந்து வருஷக்கணக்காகிறது. எனக்கு அது போதும் போல இருந்தது. இதை உங்களிடம் எழுதவும் கேவலமாகத்தான் இருக்கிறது.

சங்ககிரியில் எதையும் விளக்க வேண்டாம். தம்பி கெட்டுப்போய்விட்டான் என்று சொல்லிவிடுங்கள். பெரியப்பா மகன் சின்னண்ணனும் நித்யாவுக்கு மாமன் முறைதானே, அவர் பட்டம் கட்டட்டும். நான் வரவில்லை.

இப்படிக்கு,
அர்த்தநாரி


சேலம்
17.12.2024

தம்பிக்கு அக்கா எழுதுவது. நான் நன்றாக இல்லை, நீயும் நன்றாக இருக்க மாட்டாய். அதனால் அதை விசாரிக்கவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் அங்காளம்மாள் நேரில் வந்தார். “குடிக்கிற கையில எங்க மருமக பட்டம் கட்டிக்க வேண்டாமுங்க” என்றார். உள்ளதைச் சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு காபி கொண்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். நீ தடுத்தாய் என்பதற்காக இல்லை. எனக்கும் குடிகாரத் தம்பிதான் சுலபமாக இருந்தான். குடி எல்லார் வீட்டிலும் இருக்கிறது, தலை நிமிர்ந்தே சொல்லலாம். மற்றதைச் சொல்ல என் வாயும் கூசியது. எத்தனை வருஷமாக என்று கேட்டாயே, பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். கூடப் பிறந்தவள் நானே சொல்லவில்லை. பாட்டிலை வேட்டிக்கு அடியில் வைத்து அனுப்பினேன்.

அந்தப் பேரோடு நீ இருந்தால் ஊரில் எவனும் உனக்கு வண்டி தர மாட்டான். சின்னண்ணன் கட்டுவதற்கு நித்யா ஒத்துக்கொள்ளவில்லை. இந்த உறையில் அவளும் ஒன்று வைத்திருக்கிறாள். நான் பிரித்துப் பார்க்கவில்லை.

அக்கா


மாமாவுக்கு,

நித்யா எழுதுகிறேன். அத்தையும் நீங்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும். கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் அந்தப் பாட்டிலை எடுத்து அம்மாவிடம் கொடுத்தது நான். அதில் என்ன இருக்கிறது என்று படிக்காமல் கொடுத்தேன். டாக்டரிடம் கேட்டேன். கொப்பளித்த உடனே ஊதினால் மெஷின் காட்டுமாம். கால் மணி நேரம் கழித்து ஊதினால் காட்டாதாம். குடித்திருந்தால் அப்படிச் சட்டென்று இறங்காது. ஸ்கூலில் போய் அவர்கள் கண் முன்னாலேயே கொப்பளித்து இரண்டு முறை ஊதிக் காட்டுங்கள்.

இன்னொன்று. அந்த மருந்து வாசத்தைக் கொஞ்ச நேரம் மறைக்கும், அவ்வளவுதான். ஈறில் சீழ் இருந்தால் அது எதையும் ஆற்றாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வாருங்கள்.

நான் தினமும் முன்பின் தெரியாதவர்கள் வாய்க்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறேன். என் மாமா மாலை போட வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை. அந்த வீடியோவை என்னால் பார்க்க முடியவில்லை மாமா.

நித்யஸ்ரீ


மோகனூர்
8.1.2025

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். மாமாவுக்கும் நித்யாவுக்கும் என் அன்பு. இங்கே சித்ராவும் பையனும் நலம். எனக்கு இரண்டு கடைவாய்ப் பல் குறைந்திருக்கிறது, அதை நித்யா சொல்லியிருப்பாள்.

அரைப் பரீட்சை லீவு முடிந்து ஸ்கூல் திறந்த அன்று காலையில் போனேன். “தனியாப் பேசோணுமுங்க, மெஷின்ல ஊதியும் காட்டோணுமுங்க” என்றேன். மெஷின் கேட்டில்தான் இருக்கிறது, இங்கேயே சொல்லப்பா என்றார் தனபால். டிரைவர்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். திரும்பி வந்துவிடலாம் என்றுதான் கால் சொன்னது.

“எனக்கு வாய் நாத்தமுங்க. அதுக்குக் கொப்பளிக்கற மருந்துங்க அது” என்றேன். சொல்லி முடித்ததும் காது இரண்டும் நெருப்பாகச் சுட்டது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள், அவர்களுக்கு இது புதுச் சேதி இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் முன்னாலேயே கொப்பளித்துத் துப்பிவிட்டு ஊதினேன், மெஷின் கத்தியது. பிறகு அங்கேயே நின்றேன். பஸ்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. தனபால் மணியைப் பார்த்து மறுபடி ஊதச் சொன்னார். பச்சை.

“இதை அன்னிக்கே சொல்லிப்போட்டிருந்தா என்னப்பா” என்றார். சொல்லிக்கொண்டே ஒரு எட்டுப் பின்னால் போனார். அவர் அறியாமல் போனதுதான், குற்றம் சொல்லவில்லை. கையை நீட்டி அங்கிருந்தே சாவியைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். என்ன செய்ய, வேலை வேண்டும்.

சித்ராவிடம் உண்மையைச் சொன்னேன். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “எப்படிங்க சொல்லுவேன்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நித்யாவின் டாக்டர் பார்த்தார். ஈறு முழுக்கச் சீழ் கட்டியிருக்கிறதாம். பல்லைப் பிடுங்கிச் சுத்தம் செய்தார், இன்னும் வரச் சொல்லியிருக்கிறார். சாராயச் சத்து இல்லாத வேறு மருந்து கொடுத்திருக்கிறார். நித்யா மாஸ்க் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள். எல்லோருக்கும் போடுகிற மாஸ்க்தான். ஆனாலும் அவள் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை.

சங்ககிரியில் உள்ளபடி சொல்லிவிடுங்கள். பட்டம் கட்ட வருவதைப் பற்றி மட்டும் இப்போது கேட்காதீர்கள்.

தம்பி,
அர்த்தநாரி


சேலம்
20.1.2025

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசி. பொங்கல் நல்லபடியாகப் போனதா? ஈறு வலி குறைந்ததா? கஞ்சியாகவே குடி, முறுக்குக் கடித்து வைக்காதே.

சங்ககிரிக்குப் போய் அங்காளம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வீட்டு ஒறம்பரைப் பெண்கள் நாலைந்து பேர் சுற்றி இருந்தார்கள். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு, “அட, இவ்வளவுதானுங்களா? இதுக்குப் போயா குடிகாரன்னு பேரு வாங்கினாரு?” என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். ஒருத்தி மூக்கைப் பிடித்துக் காட்டினாள். நானும் சேர்ந்து சிரித்தேன் அர்த்தநாரி. காரியம் முடிகிறதே என்று சிரித்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. உன் பேரை மீட்கப் போய் உன்னை வைத்துச் சிரித்துவிட்டு வந்திருக்கிறேன்.

தாய்மாமனே கட்டட்டும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். பட்டம் செய்து வந்துவிட்டது. மண்டபத்தில் அவர்கள் எல்லோரும் உன் வாயைத்தான் பார்ப்பார்கள், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? வா என்று சொல்ல எனக்கு முகமில்லை. வராதே என்று சொல்ல மனமில்லை.

அக்கா,
சௌந்திரம்


மோகனூர்
14.2.2025

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். கல்யாண அலுப்பு தீர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். மாமா மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா? புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு வந்து போனார்களா?

மேடையை விட்டு இறங்கியதும், ஏன் அவ்வளவு நேரம் எடுத்தாய், ஏன் கண் கலங்கியது என்று கேட்டீர்கள். சுற்றி ஆட்கள், சொல்ல முடியவில்லை.

சரியாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வந்தேன். ஆனால் அங்காளம்மாளின் ஒறம்பரைப் பெண்கள் முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்கள். வீடியோக்காரர் கிட்டத்தில் வந்தார். நான் படி ஏறும்போதே மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தகட்டை நெற்றியில் வைத்துவிட்டேன், நூலையும் பின்னால் கொண்டுபோய்விட்டேன், முடிச்சு விழவில்லை. நெஞ்சு அடைத்துக் கண் இருட்டியது. கட்டாமலே இறங்கிவிடுவேனோ என்று பயந்துவிட்டேன்.

நித்யா உதட்டை அசைக்காமல், “மாமா, மூச்சு உடுங்க” என்றாள்.

நான் தலையை ஆட்டினேன்.

“உடுங்க மாமா. நான் இங்கதான் நிக்கறேன்.”

விட்டேன் அக்கா. பிடித்து வைத்திருந்தது மொத்தமும் அவள் முகத்தில் போய் அடித்தது. அவள் கண் என் கண்ணைப் பார்த்தபடியே இருந்தது, திரும்பவில்லை. நாற்றம் போய்விட்டதா, பொறுத்துக்கொண்டாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் மாட்டேன். அதற்கப்புறம் சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டேதான் முடிச்சைப் போட்டேன்.

மாமாவுக்கு வணக்கம். சித்ரா உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

உங்கள் தம்பி,
அர்த்தநாரி